காபூன் விரியனுக்கு இலை போட்டோம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். விஷப்பாம்புகளைப் பராமரிக்கும் வேலையில் இது நடக்கும். காய்ந்த விஷத்தின் தூளும் பாம்புச் சட்டையின் தூளும் வருடக்கணக்கில் மூச்சோடு போய்ப் போய், ஒருநாள் உடம்பு போதும் என்று சொல்லிவிடும். என் உடம்பு கொஞ்சம் சீக்கிரமே சொல்லிவிட்டது. பாம்பு அறைக்குள் நுழைந்தாலே கண் வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது. டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்போது பிளசன்டன் என்ற ஊரில், விலங்குக் காட்சியகங்களுக்குக் கூண்டு வடிவமைத்துத் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பாம்புகளுக்கு வீடு கட்டித் தருகிறேன்; கிரகப்பிரவேசத்துக்குத்தான் போக முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து விலங்கியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: விஷப்பாம்பைத் தூக்குவது எப்படி? அதை வேலையில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுப்பார்கள். கொக்கியை எங்கே கொடுப்பது, எடையை எப்படித் தாங்குவது எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். நான் எழுத நினைப்பது ஒரு பாம்பைத் தூக்காமல் விட்ட நாளைப் பற்றி.

டெக்சஸில், கேட்டி என்ற ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய தனியார் பாம்பு இல்லம். அங்கேதான் வேலை பார்த்தேன். அங்கே ஒரு காபூன் விரியன் இருந்தது. ஆப்பிரிக்க மழைக்காட்டுப் பாம்பு. ஆள் தொடை மாதிரி பருமன், காய்ந்த இலை மாதிரி தலை, முதுகு முழுக்கப் பழுப்பும் வெளிர்மஞ்சளும் ஊதாவுமாகக் கம்பள நெசவு. பாம்புகளிலேயே மிக நீளமான விஷப்பல் அதற்குத்தான். ஆனால் சுபாவத்தில் பரம சாது. நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். என்னோடு வேலை பார்த்த சாதிக் பாய் அதற்கு 'பேகம்' என்று பெயர் வைத்திருந்தார். "கூப்ட்டா வரமாட்டா, எழுப்பினா கோவிச்சுக்குவா. வேற என்ன பேரு வைக்கிறது?"

சாதிக் பாய் ராயப்பேட்டைக்காரர். சாஃப்ட்வேர் வேலைக்கென்று வந்து, வார இறுதியில் தன்னார்வலராகப் பாம்பு இல்லத்துக்குப் போய், பிறகு அங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஆனால் பட்டப்படிப்புக் காரணமாகப் பொறுப்பாளர் பதவி எனக்கு வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை அவரை அந்த ஊர்க் கிலுகிலுப்பைப் பாம்பு, வாலை ஆட்டிச் சத்தம் போடுமே அது, கடித்திருந்தது. விஷத்தைவிட விஷமுறி மருந்துதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மருந்து ஏறிய சில நிமிடங்களிலேயே தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டார். இன்னொரு முறை கடிபட்டால் மருந்து கொடுப்பதே ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை.

நான் சேர்ந்தபோது பேகம் கிடந்தது மரச்சீவல் தூவிய மொட்டைத் தரையில். பார்வையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பேகம்தான் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனாள். நான் அப்போதுதான் படிப்பு முடித்த சூட்டோடு இருந்தேன், விடவில்லை. இந்தப் பாம்பின் இருப்பிடம் காடு என்று பொதுவாகச் சொல்வது போதாது. அதன் இருப்பிடம் காட்டின் தரை. மேலே எத்தனையோ அடுக்கு மரங்கள் வெயிலை வடிகட்டிய பிறகு மிஞ்சும் அரையிருட்டு. உதிர்ந்து, நனைந்து, மக்கிக்கொண்டே இருக்கும் இலைகள். பகலானாலும் இரவானாலும் பெரிதாக மாறாத வெதுவெதுப்பு. அந்த இலைகளுக்குள் ஓர் இலையாகக் கிடந்து, எலி தானாக வாயருகே வரும்வரை காத்திருக்கும். காட்டு ஓரத்துக் காபித் தோப்புகளுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும்கூட அது வந்துவிடும், அங்கேயும் இலை உதிர்கிறதே. மற்றவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் நிம்மதி. அந்த நிம்மதியை எடுத்துவிட்டு வெறும் சூட்டையும் ஈரத்தையும் கொடுத்தால் அது வாழாது.

ஆகவே இலை சேர்க்கக் கிளம்பினோம். கேட்டியில் நம்மவர்கள் வீடுகளில் ஓக், மக்னோலியா மரங்கள் உண்டு. ஆனால் புல்தரைக்கு எல்லோரும் பூச்சிமருந்து அடிப்பார்கள். அடிக்காத வீடாகத் தேடித் தேடிக் கதவைத் தட்டினோம்.

"ஏம்மா, கோயிலுக்குப் பூ கேட்டு வருவாங்க. நீ பாம்புக்கு இலை கேட்டு வர்றியா?" என்றார் ஓர் ஆன்ட்டி.

"ஆமா ஆன்ட்டி. மருந்து மட்டும் அடிச்சிருக்கக் கூடாது."

"உங்க அங்கிள் ஒரு வேலையும் செய்யமாட்டார்னு இத்தனை நாள் திட்டிட்டு இருந்தேன். அதுவும் ஒருத்தருக்கு உபயோகமா இருக்கு பாரு. எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அப்படியே அந்த மூலையையும் கூட்டிட்டுப் போயிடு."

மூட்டை மூட்டையாக வந்த இலைகளைப் பூச்சி போக ஓவனில் சூடாக்கி, நீர் தெளித்து, முழங்கை புதையும் ஆழத்துக்குப் போட்டோம். பேகம் அதற்குள் போனாள், இல்லாமல் ஆனாள். முதல் வாரமே சாப்பிட்டாள். பார்வையாளர்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, கூண்டு காலி என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பாம்பு கண்ணுக்குத் தெரியாத கூண்டை எப்படித் திறப்பது? அதற்கு எங்களிடம் ஒரு விதி இருந்தது. கூண்டின் பின்பக்கம் வேலைக்காரர்களுக்கான கதவு, இடுப்புயரத்தில் தொடங்கும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சாதிக் பாயிடம், ஒரு சாவி என்னிடம். பாம்பின் தலை எங்கே என்று இரண்டு பேருமே கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் இரண்டு சாவியும் வெளியே வரும். உடம்பைப் பார்த்தால் போதாது. நேற்று எங்கே இருந்தாள் என்பதும் கணக்கில் வராது. சில நாள்கள் தலை தெரிய அரைநாள் ஆகும், அரைநாளும் காத்திருப்போம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

டெக்சஸில் குளிர்காலம் என்பது பெரும்பாலும் ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் காலம். அந்த வருடம் அப்படியில்லை. மழை உறைந்து ஃப்ரீவே மேம்பாலங்கள் கண்ணாடியாகிவிட்டன. காலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அதுவும் நின்றது. ஊழியர்களில் பக்கத்தில் குடியிருந்தது நாங்கள் இருவர்தான். ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம். மற்ற பாம்புகளை ஒவ்வொன்றாகத் தலை பார்த்து, பெட்டியில் போட்டு, ஹீட்டர் ஓடும் வேனில் ஏற்றினோம். மதியத்துக்குள் மிஞ்சியது பேகம் மட்டும். அவளைக் காணவில்லை. அவளுக்காக நாங்கள் போட்ட இலைக்குள்தான் இருந்தாள்.

சமையலறையில் காஸ் அடுப்பு எரிந்தது. வெந்நீர் வைத்து, காலி பால் கேன்களில் நிரப்பி, கூண்டின் பின்பக்கம் ஒரு மேசையைப் போட்டு, அதன் மேல் கதவை ஒட்டி அடுக்கினோம். வேறெங்கும் வைக்க வழியில்லை. முன்பக்கம் தடித்த கண்ணாடி, பக்கங்களில் சுவர். கதவுதான் மெல்லிய உலோகம். சூடு கொஞ்சமாவது உள்ளே போகும் என்று நினைத்தோம். ஆறிய கேனை எடுப்பதும் சூடானதை வைப்பதுமாக நேரம் போனது. கூண்டின் வெப்பமானி இறங்கிக்கொண்டே இருந்தது. குளிர் என்றால் என்னவென்றே அறியாத மண்ணிலிருந்து வந்த உயிர் அது.

சாதிக் பாய் முன்பக்கம் போய் டார்ச் அடித்தார். "நித்யா, இங்க வா. அதோ, கட்டைக்குப் பக்கத்துல. முதுகு தெரியுது பார்."

பார்த்தேன். கூண்டின் நடுவில் கிடந்த மரக்கட்டையின் ஓரத்தில், இலைகளுக்கு இடையே, அந்தக் கம்பள நெசவு. அவள் வழக்கமாகப் படுக்கும் இடம்தான்.

"தலை எங்க பாய்?"

"இலைக்குள்ள இருக்கும்."

"இருக்கும்னா?"

"பின்ன எங்க போகும்? ஒரு வாரமா அங்கதான கிடக்கா. கதவத் தொற. நான் ஹூக்க அந்தக் கட்டை வரைக்கும் நீட்டி, அப்படியே தூக்கி டப்பால விட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"தலை தெரியட்டும்."

அவர் டார்ச்சை அணைத்தார். "அவ சாகப்போறா. கண்ணு முன்னாடி. நீ ரூல் பேசிட்டு இருக்க."

கட்டை வரை கொக்கி நீட்டவேண்டும் என்றால் கதவின் விளிம்பில் மார்பைச் சாய்த்து, தோள் வரை உள்ளே போகவேண்டும். அப்படி எத்தனையோ தடவை செய்திருக்கிறார், தலை தெரிந்தபோது.

பாம்பு இல்லத்தின் இயக்குநருக்குப் போன் போட்டேன். ஹூஸ்டன் நகர நடுவில் இருந்த அவர் வீட்டிலும் இருட்டு. நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்னதன் சாரம்: யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது, பாம்பும் போகக்கூடாது, அங்கே இருப்பவர்கள் யோசித்து முடிவெடுங்கள். தம்பி தங்கைகளே, மேலிடத்துக்குப் போன் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை. கதவுக்கு முன்னால் நின்றது நாங்கள்.

போனை வைத்த உடனே சாதிக் பாயின் மனைவி ரஹ்மத் அக்கா அழைத்தார்.

"அவர் போன் எடுக்கல நித்யா. வேலை முடிஞ்சிதா? இங்க கரென்ட் இல்ல, பசங்கள கம்ஃபர்ட்டர் போட்டு சுத்தி வெச்சிருக்கேன், பிரமிட் மம்மி மாதிரி கிடக்குதுங்க."

"இன்னும் ஒண்ணு பாக்கி அக்கா."

"எது? பேகமா? அவருக்கு அதுன்னா வேற மாதிரி. நீ கூட இருக்கல்ல? அப்ப சரி."

நான் திரும்பிவந்தபோது சாதிக் பாய் தன் பூட்டைத் திறந்திருந்தார். கை நீட்டினார். "சாவியக் குடு."

"மாட்டேன் பாய்."

"கடிச்சா எனக்குத்தானே?"

"கடிச்சா ரஹ்மத் அக்காவுக்கு. ஆஸ்பத்திரிக்கு எந்த ரோட்ல போறது? ஆம்புலன்ஸ் வருமா? வந்தாலும் என்ன மருந்த ஏத்துவாங்க உங்களுக்கு?"

"நான்தான் எத்தனையோ வருஷமா இவள பாத்துக்கறேன். எங்க படுப்பா, எப்ப நகருவா, எனக்குத் தெரியாதா? நேத்து வந்து புக்குல படிச்சிட்டு இலை போட்டது நீ. இப்ப அந்த இலைக்குள்ளயே அவள சாகவிடுவியா?"

அது எனக்கு வலித்தது. வலிக்கவேண்டும் என்றுதான் சொன்னார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கட்டைக்குப் பக்கத்தில் பேகம் விறைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு நிமிடத்தில் தூக்கி வேனில் வைத்துவிடலாம். நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டு பொத்தானை மாட்டினேன்.

நீங்கள் இந்த இடத்துக்கு ஒருநாள் வருவீர்கள். உங்களைவிட அதிகம் தெரிந்தவர், உங்களைவிட அந்த உயிரை அதிகம் நேசிப்பவர், எதிரில் நின்று கை நீட்டுவார். அவர் முட்டாள் இல்லை, திமிர் பிடித்தவரும் இல்லை. அவரை மறுக்க உங்களிடம் இருப்பதெல்லாம் 'நான் இன்னும் பார்க்கவில்லை' என்ற ஒரு வாக்கியம்தான். அது அறிவாளித்தனமாக ஒலிக்காது. கோழைத்தனமாகத்தான் ஒலிக்கும்.

அவர் சமையலறைக்குப் போனார். வெந்நீர்க் கேன்களோடு வந்தார். ஆறியதை எடுத்துவிட்டுப் புதியதைக் கதவடியில் வைக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"நித்யா." குரல் மாறியிருந்தது. "இங்க வா. பேசாத."

பக்கத்தில் போய்க் குனிந்தேன். மின்விசிறிகளும் பம்புகளும் எப்போதும் இரைந்துகொண்டிருந்த கட்டடம் அது; அன்று ஊசி விழுந்தால் கேட்கும். கதவுக்கு அந்தப்பக்கம், எங்கள் முகத்துக்கு நேரே, ஆழமான ஒரு மூச்சு. லாரி டயரிலிருந்து காற்றை மெதுவாக விடுவது போல. நின்றது. மறுபடி வந்தது. காபூன் விரியனின் எச்சரிக்கை அது. கிட்டே வராதே என்கிறாள்.

அவள் கட்டைக்குப் பக்கத்தில் இல்லை. கதவின் உள்பக்கம், விளிம்பை ஒட்டி, இலைக்கு அடியில் இருந்தாள். கதவிலிருக்கும் பார்வைத்துளை கண்ணுயரத்தில் இருப்பதால் அதற்கு நேர் கீழே இருப்பது தெரியாது. முன்பக்கமிருந்து பார்த்தால் மரக்கட்டை மறைத்துவிடும். கூண்டு குளிரக் குளிர, இருந்த ஒரே கதகதப்பைத் தேடி மெல்ல மெல்ல ஊர்ந்து வந்திருக்கிறாள். அந்தக் கதகதப்பு நாங்கள் அடுக்கிய வெந்நீர். அவளைக் காப்பாற்ற நாங்கள் செய்ததே அவளைக் கதவுக்குக் கொண்டுவந்திருந்தது. கதவைத் திறந்து சாதிக் பாய் மார்பைச் சாய்த்திருந்தால் நேராக அவள் மேல்தான் சாய்ந்திருப்பார்.

கட்டையோரம் நாங்கள் பார்த்தது அவள் உரித்துப்போட்ட சட்டையும், அவள் கிடந்து அழுந்திய இலைகளும் என்று பிற்பாடு தெரிந்தது.

சாதிக் பாய் கேனைக் கீழே வைத்துவிட்டு நடைபாதைத் தரையில் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். "இங்க இருக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய்த் தன் பூட்டைத் திரும்பப் பூட்டினார்.

கதை இங்கே முடிந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்படி முடியவில்லை. அவள் இருக்குமிடம் தெரிந்ததால் கதவைத் திறப்பது இன்னும் முடியாத காரியமானது. எங்களால் செய்ய முடிந்தது, வெந்நீரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். மின்சாரம் திரும்பியது மறுநாள். பேகம் உயிரோடு இருந்தாள். கண்ணாடி வழியாகத் தலையைப் பார்த்துவிட்டு சாதிக் பாய் என் தோளைத் தட்டினார். ஆனால் சில நாள்களில் வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கினாள். குளிர்பட்ட பாம்புகளுக்கு நுரையீரலில் சளி கட்டும். மருத்துவர் ஊசி போட்டார். சாதிக் பாய் கூடவே இருந்தார். வசந்தம் வருவதற்குள் போய்விட்டாள்.

அன்று மதியமே வேனுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரைக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். மழுப்பவில்லை, அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சரியான முடிவெடுத்தால் எல்லாம் சரியாக முடியும் என்று நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள். சில முடிவுகளுக்கு விலை உண்டு, அதை வேறொரு உயிர் கொடுக்கும். அதே மதியம் திரும்ப வந்தால் சாவியை அதே சட்டைப்பையில்தான் போடுவேன்.

பிறகு நடந்த கூட்டத்தில், இலையைக் குறைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று ஒருவர் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் சாதிக் பாய் எழுந்தார். இலை இருந்ததால்தான் அவள் இத்தனை நாள் சாப்பிட்டாள், வளர்ந்தாள். எங்களால் பார்க்க முடியாதது இலையின் குற்றமில்லை, கதவின் குற்றம் என்றார். கதவின் அடிப்பகுதியில் கண்ணாடி பதிக்க முடிவானது. இன்று நான் வரையும் ஒவ்வொரு கூண்டிலும் அது இருக்கிறது. சாவி கொடுக்காததைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியாக அவரை வேலையில் பார்த்த நாள். பேகத்தின் கூண்டைக் கழுவி வைக்கவேண்டியிருந்தது. புதுப் பாம்பு வர இன்னும் நாளாகும். எனக்கு அப்போதே மூச்சுத் தொல்லை தொடங்கியிருந்ததால் என் பூட்டைத் திறந்துவிட்டு நடைபாதையின் கோடியில் நின்றுகொண்டேன். அவர் கூண்டின் பின்கதவுக்கு வந்து, முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பம்பை நிறுத்தினார். கட்டடம் அமைதியானது. குனிந்து, கதவின் அடிப்பகுதியில் காதை வைத்தார்.

உள்ளே எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோனதே அவர்தான். இருந்தும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கதவைத் திறந்தார்.